மூணு தடவை வைத்தும் கரு தங்கவில்லை: அடுத்து எந்த வழி?

“மூணு தடவை வச்சாச்சுக்கா. எல்லாமே நல்ல கருன்னுதான் சொன்னாங்க. ஒண்ணுகூடத் தங்கல. இனி என்ன செய்யட்டும்?”

மேலூர், உசிலம்பட்டி, மானாமதுரை என்று ஊர்தான் மாறுகிறது, கேள்வி இதேதான். கூடவே ஒரு பெரிய குழப்பமும் வரும். பார்க்கிற டாக்டர் கரு வைக்கும் நேரத்தைக் கணிக்கும் இ.ஆர்.ஏ. டெஸ்ட் எடுக்கலாம் என்கிறார், இரண்டாவது கருத்து கேட்கப் போன இடத்தில் தான முட்டைக்கு வந்துவிடுங்கள் என்கிறார்கள், வாட்ஸப் குரூப்பில் யாரோ பி.ஆர்.பி. (நம் ரத்தத்திலிருந்தே எடுக்கும் தட்டணுச் செறிவு) போட்டதும் கரு தங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள், வீட்டில் அத்தை ராமேஸ்வரம் போய்விட்டு வந்து அப்புறம் பார்ப்போம் என்கிறார். மதுரையில் ஐ.வி.எஃப்., அதாவது லேபில் உருவாக்கிய கருவைக் கர்ப்பப்பையில் வைக்கும் கருத்தரிப்பு சிகிச்சைக்கு வருகிறவர்களோடு உட்கார்ந்து அவர்கள் ஃபைலைப் படிப்பதுதான் என் வேலை. நான் டாக்டர் இல்லை, ஆலோசகர். இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்தவோ மாற்றவோ செய்யாதீர்கள். டாக்டர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைத் தேடச் செலவழிக்கும் பணத்துக்கு ஓரளவு பலன் உண்டு. காரணம் தெரியாமலே “இதையும் சேர்த்துப் போட்டுப் பார்ப்போம்” என்று போடுகிற ஊசிகளுக்குத்தான் நம் ஊர்க்காரர்கள் நகையை அடகு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

## முதலில் ஒரு சின்னக் கணக்கு

ஒரு தடவை கரு வைத்தால் குழந்தை பிறக்க 35 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், எந்தக் கோளாறும் இல்லாத நூறு தம்பதிகளிலும் சுமார் 27 பேருக்கு மூன்று தடவையும் தோல்விதான் வரும். அவர்கள் உடம்பில் குறை ஒன்றும் இல்லை, வாய்ப்பு அப்படி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். “மூணு தடவை போச்சு, எனக்குள்ள ஏதோ பெருசா கோளாறு” என்று அழுகிற பெண்களிடம் நான் முதலில் இந்தக் கணக்கைத்தான் பேப்பரில் போட்டுக் காட்டுவேன்.

ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவர் சங்கமான எஷ்ரே 2023இல் வெளியிட்ட பரிந்துரையும் இதே வழியில்தான் போகிறது. இத்தனை தடவை தோற்றால் கோளாறு என்று அது எண்ணிக்கை வைக்கவில்லை. பெண்ணின் வயது, வைத்த கருக்கள் எத்தனை, குரோமோசோம் சோதித்த கருவா இல்லையா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, இதுவரை கரு பதிந்திருக்க வேண்டிய மொத்த வாய்ப்பு 60 சதவீதத்தைத் தாண்டிய பிறகும் பதியவில்லை என்றால்தான் தோண்டிப் பார்க்கச் சொல்கிறது. ஆக, 29 வயதுக்காரருக்கு இரண்டு நல்ல கரு தோற்பதும், 41 வயதுக்காரருக்கு இரண்டு கரு தோற்பதும் ஒன்றல்ல.

இன்னொரு தகவலையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2021இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், கர்ப்பப்பை சரியாக இருந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு, குரோமோசோம் சரி என்று சோதித்த கருவை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். மூன்றாவது கரு வரைக்கும் போனால் குழந்தை பிறக்கும் மொத்த வாய்ப்பு 92.6 சதவீதம் என்று கணக்கு வந்தது. டாக்டர்கள் சொல்வார்களே, விதையா நிலமா என்று. பெரும்பாலும் பிரச்சினை விதையில்தான் இருக்கிறது. “கர்ப்பப்பை கருவை ஏத்துக்கல” என்ற பேச்சை நம் ஊரில் ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள், அந்தப் பழியைப் பெண்ணும் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறாள்.

## எதை வைத்து எடை போடுவது

வயது முதலில். கரு உருவாகும்போதே குரோமோசோம் தவறிப்போவது 35 வயதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, 40இல் பாதிக்கு மேல், 43ஐ எட்டும்போது ஐந்தில் நான்கு. அடுத்தது, லேபில் உங்கள் பெயரில் எத்தனை உறைகரு இருக்கிறது, கரு உண்டாகி எத்தனையாவது நாள் உறைய வைத்தது என்பது. மூன்றாவது, ஃபைலில் கர்ப்பப்பை, கருக்குழாய், விந்து பற்றிய துப்பு ஏதாவது இருக்கிறதா. நான்காவது, சொல்லப்படும் சிகிச்சைக்கு ஆதாரம் என்ன. கடைசியாகப் பணமும் காலமும். இதில் லீவு, பயணம், கடன் வட்டி, வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவர் எத்தனை நாள் விடுப்பில் வருகிறார் என்பதெல்லாம் சேரும்.

இதற்கெல்லாம் ஃபைல் கையில் இருக்க வேண்டும். பலருடைய மஞ்சப்பையில் ஸ்கேன் படமும் மருந்துச் சீட்டும்தான் இருக்கும், லேப் ரிப்போர்ட் இருக்காது. கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. எத்தனை முட்டை எடுத்தார்கள், எத்தனை முதிர்ந்தது, எத்தனை கருவாகி எத்தனை ஐந்தாம் நாள் வரை வளர்ந்தது என்று பாருங்கள். ‘4ஏபி’ மாதிரி ஒரு குறி இருக்கும்: எண் என்பது கரு எவ்வளவு விரிந்திருக்கிறது, முதல் எழுத்து குழந்தையாகப் போகும் செல்கள் எப்படி, இரண்டாவது எழுத்து நஞ்சுக்கொடியாகப் போகும் செல்கள் எப்படி. பன்னிரண்டு கரு உண்டாகி ஒன்றுதான் ஐந்தாம் நாளைத் தொட்டது என்றால் அது விதையைக் கைகாட்டுகிறது. வைத்த அன்று கர்ப்பப்பையின் உட்சவ்வு எத்தனை மில்லிமீட்டர், கரு வைக்கும் மெல்லிய குழாய் சுலபமாக உள்ளே போனதா, நுனியில் ரத்தம் பட்டிருந்ததா என்பதையும் எழுதியிருப்பார்கள். வெறும் “நல்ல கரு” என்று வாய்மொழியாகச் சொன்னதை வைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு அட்டவணை. விவரம் கீழே.

| வழி | யாருக்குப் பொருந்தும் | வெளியே தெரியாத செலவு | பிடிக்கும் காலம் |
|---|---|---|---|
| உறைகருவை மறுபடி வைப்பது | 35க்குள், ஐந்தாம் நாள் கரு மிச்சம், ஒன்றிரண்டு தோல்வி | காரணம் இருந்தும் பார்க்காமல் ஒரு கருவை இழப்பது | 1–2 மாதம் |
| நிறுத்திக் காரணம் தேடுவது | நல்ல கருக்கள் வைத்தும் தோற்றவர்கள், ஃபைலில் துப்பு இருப்பவர்கள் | தேவையில்லாத டெஸ்ட்கள், காத்திருப்பு | 1–6 மாதம் |
| புதிதாக முட்டை எடுத்து பி.ஜி.டி.-ஏ (கருவின் குரோமோசோம் சோதனை) | 37க்கு மேல், நிறைய கரு கிடைப்பவர்கள் | வைக்க ஒரு கருவும் மிஞ்சாமல் போவது | 3–4 மாதம் |
| கூடுதல் ஊசி, டெஸ்ட்கள் | மிகச் சிலருக்கு | ஆதாரமில்லாத செலவு, பக்கவிளைவு | ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் |
| தான முட்டை | 40ஐத் தாண்டியவர்கள், முட்டை இருப்பு முடிந்தவர்கள் | மனம் ஒப்பாமல் ஒத்துக்கொள்வது, கர்ப்பகால ரத்த அழுத்தம் | 3–6 மாதம் |
| வாடகைத்தாய் | கர்ப்பப்பையே சரியில்லாதவர்கள் | சட்ட நடைமுறை, ஆள் கிடைப்பது | ஒரு வருடத்தைத் தாண்டலாம் |
| தத்து | எந்தக் கட்டத்திலும் | காத்திருப்பு, வீட்டாரின் சம்மதம் | பெரும்பாலும் சில வருடங்கள் |

## உறைகருவை மறுபடி வைப்பது

செலவு குறைந்த வழி இதுதான், பலருக்குச் சரியான வழியும் இதுதான். முட்டை எடுக்கும் ஊசிகள், மயக்க மருந்து எதுவும் கிடையாது. வயது 35க்குள் இருந்து, ஐந்தாம் நாள் கரு இன்னும் இரண்டு இருக்கிறது, ஸ்கேனில் எதுவும் இல்லை என்றால், எதையும் பெரிதாகத் தேடாமல் இன்னொரு தடவை வைப்பது தவறான முடிவே இல்லை.

ஆனால் போன தடவை மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு வைக்க வேண்டாம். மாத்திரை கொடுத்து உட்சவ்வை வளர்க்கும் முறையில் உட்சவ்வைப் பக்குவப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை உடம்பு தானாகச் சுரப்பதில்லை, வெளியிலிருந்து கொடுப்பதுதான் எல்லாம். சிலருக்கு அது ரத்தத்தில் போதுமான அளவு சேர்வதில்லை. 10 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் பலன் குறைந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. வைப்பதற்கு முந்தைய நாளோ அன்றோ ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து, குறைவாக இருந்தால் ஊசியாகச் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறவர்கள் இயற்கைச் சுழற்சியிலேயே வைக்கலாமா என்றும் கேளுங்கள். அந்த முறையில் கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கலும் குறைவு. ஸ்கேனுக்கு நாலைந்து தடவை வர வேண்டியிருக்கும், தேனி, கம்பத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது சிரமம்தான்.

“ஒண்ணா ரெண்டு கரு வச்சிடுங்க டாக்டர்” என்று நாமே கேட்கிறோம். இரட்டைக் குழந்தைகள் என்றால் குறைமாதப் பிரசவ ஆபத்து கூடும், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு (என்.ஐ.சி.யு.) செலவு ஐ.வி.எஃப். செலவையே தாண்டிவிடும்.

இன்னொன்று. வைத்த பிறகு இரண்டு வாரம் கட்டிலை விட்டு இறங்காமல் கிடக்க வேண்டியதில்லை, படுத்தே இருப்பதால் வாய்ப்பு கூடுவதாக எந்த ஆய்வும் காட்டவில்லை. மாட்டுத்தாவணியிலிருந்து பஸ்ஸில் போனதால்தான் கலைந்தது, மாடிப்படி ஏறியதால்தான் நிற்கவில்லை, பப்பாளி சாப்பிட்டதால்தான் போச்சு என்று வருஷக்கணக்கில் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். கரு பதியாமல் போனதற்கு அந்த பஸ் காரணமே இல்லை.

## நிறுத்திக் காரணம் தேடுவது

மூன்று நல்ல கரு தோற்றிருந்தால், அல்லது அதற்கு முன்பே ஃபைலில் ஏதாவது துப்பு இருந்தால், நான் இந்தப் பக்கம்தான் நிற்பேன். எல்லா டெஸ்டையும் எடுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. எது கண்டுபிடிக்கப்பட்டால் சிகிச்சை இருக்கிறதோ அதை மட்டும் தேட வேண்டும்.

முதலில் கருக்குழாய். குழாய் அடைத்து உள்ளே நீர் கோத்திருந்தால், அந்த நீர் கர்ப்பப்பைக்குள் கசிந்து கருவைப் பதிய விடாது, ஐ.வி.எஃப். வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். லேப்ராஸ்கோப்பியில் அந்தக் குழாயை எடுத்துவிட்டாலோ, கர்ப்பப்பையோடு சேரும் இடத்தில் கட்டிவிட்டாலோ வாய்ப்பு திரும்பக் கூடுகிறது. இந்தத் துறையில் இவ்வளவு தெளிவான பலன் உள்ள சிகிச்சைகள் குறைவு. “குழாயையே எடுத்துட்டா அப்புறம் எப்படி?” என்று பயப்படுகிறார்கள். ஐ.வி.எஃப்.பில் முட்டையும் விந்தும் லேபில்தான் சேர்கின்றன, குழாய்க்கு அங்கே வேலை இல்லை. பழைய எச்.எஸ்.ஜி. என்கிற கருக்குழாய் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், பல சமயம் விடை அதில் ஏற்கெனவே இருக்கிறது.

அடுத்தது காசநோய். இது வெளிநாட்டுக் கட்டுரைகளில் ஓரமாக வரும், நமக்கு நடுவில் வர வேண்டிய விஷயம். இடுப்புப் பகுதிக் காசநோய்க்கு இருமல், காய்ச்சல் எதுவும் இருக்க வேண்டிய அவசியமில்லை. மாதவிடாய் போக்கு குறைந்துகொண்டே வருவது, உட்சவ்வு 7 மில்லிமீட்டரைத் தாண்டாமல் அடம்பிடிப்பது, வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்தது, கருக்குழாய் அடைப்பு, இவை இருந்தால் கட்டாயம் கேளுங்கள். ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை: உட்சவ்வுத் துணுக்கில் கிருமியின் மரபிழையைத் தேடும் பி.சி.ஆர். டெஸ்ட் மட்டும் பாசிட்டிவ் என்று வந்ததை வைத்து ஆறு மாத மருந்தை ஆரம்பித்துவிடும் பழக்கம் இருக்கிறது. செத்துப்போன கிருமியின் எச்சத்துக்கும், லேபில் நேர்ந்த கலப்படத்துக்கும்கூட பி.சி.ஆர். பாசிட்டிவ் வரலாம். கல்ச்சர், திசுப் பரிசோதனை, லேப்ராஸ்கோப்பியில் நேரில் பார்த்தது என்று வேறு ஆதாரமும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். நோய் உறுதியானால் மருந்து அரசுத் திட்டத்தில் இலவசம், பெரியாஸ்பத்திரியிலோ தோப்பூர் நெஞ்சக மருத்துவமனையிலோ போய்ப் பார்க்கலாம், தனியாரில் ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை. 38 வயதுக்காரருக்கு ஆறு மாதம் என்பது பெரிய விலை, அதனால் உறுதி இல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது, உறுதியானால் பாதியில் விடவும் கூடாது.

கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பியை எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஸ்கேன் சரியாக இருந்து இரண்டு முதல் நான்கு தடவை தோற்ற பெண்களுக்கு இதைச் செய்தும் செய்யாமலும் பார்த்தார்கள், இரண்டு பக்கமும் குழந்தை பிறந்தது 29 சதவீதம்தான். எனவே ஸ்கேனில் பாலிப், உள்பக்கம் துருத்தும் கட்டி, தடுப்புச் சவ்வு, ஒட்டல் என்று சந்தேகம் இருந்தால் நிச்சயம் செய்யுங்கள். இல்லையென்றால் டாக்டர் எதைத் தேடுகிறார் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். செய்வதாக இருந்தால் ஒரு துணுக்கு எடுத்து, உட்சவ்வில் நாள்பட்ட அழற்சி இருக்கிறதா என்று சி.டி. 138 சோதனைக்கும் அனுப்பச் சொல்லலாம். இருந்தால் இரண்டு வார டாக்ஸிசைக்ளின் மாத்திரை, விலை மிகக் குறைவு. அடினோமயோசிஸ் என்று கர்ப்பப்பைச் சுவர் தடித்திருந்தால், இரண்டு மூன்று மாதம் ஊசி போட்டு அடக்கிவிட்டு வைப்பது உண்டு.

ரத்தத்தில் தைராய்டு, சர்க்கரை. முன்பு கரு கலைந்தவர்களுக்கு, ரத்தம் உறைவதைக் கூட்டும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனை. அது பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதிசெய்த பிறகுதான் முடிவு. இரண்டு பேருக்கும் கேரியோடைப் என்கிற குரோமோசோம் சோதனை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எடுத்தால் போதும்.

ஆண்கள் பக்கம் வருவோம். “அவருக்கு கவுண்ட் நார்மல்” என்று சொல்லி அந்தக் கதவை முதல் நாளே சாத்திவிடுகிறோம். எண்ணிக்கை சரியாக இருந்தும் விந்தணுவின் மரபிழை (டி.என்.ஏ.) உடைந்திருக்கலாம். புகை, ஹான்ஸ் மாதிரி புகையிலை, தினசரி சரக்கு, வேரிகோசீல் என்கிற விதைப்பை நரம்பு வீக்கம், உடம்பு எடை, சூடு எல்லாம் இதில் சேரும். பட்டறையில் வெல்டிங் அடிக்கிறவர், புரோட்டாக் கல் முன்னால் மாலையிலிருந்து நடு இரவு வரை நிற்கிறவர், லாரி இன்ஜின் சூட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவர் எல்லாம் நம்மிடையே நிறைய. விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும், அதனால் இன்று பீடியை விட்டால் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். பெண்ணுக்கு ஐம்பது ஊசி போட்ட வீட்டில் ஆணுக்கு அந்த மரபிழை உடைவைப் பார்க்கும் ஒரு டி.எஃப்.ஐ. டெஸ்ட்கூட எடுக்காமல் அடுத்த சுழற்சிக்குப் போவது எனக்கு இன்றுவரை ஆறவே ஆறாத விஷயம்.

## புதிதாக முட்டை எடுத்து, பி.ஜி.டி.-ஏ செய்து வைப்பது

ஐந்தாம் நாள் கருவின் வெளிப்பக்கச் செல்களில் சிலவற்றை எடுத்து, குரோமோசோம் எண்ணிக்கை சரியா என்று சோதித்து, சரியாக இருப்பதை மட்டும் வைப்பதுதான் இது. கருவை இங்கேயே உறைய வைத்துவிட்டு, செல்களை மட்டும் பெரும்பாலும் வெளியூர் மரபணு லேபுக்கு அனுப்புவார்கள்.

இது கெட்ட கருவை நல்லதாக்காது, இருப்பதில் எது சரி என்று காட்டும், அவ்வளவுதான். 2021இல் சீனாவில் 37 வயது வரையிலான 1,212 பெண்களிடம் நடந்த ஆய்வில், சோதித்து வைத்தவர்களில் 77.2 சதவீதமும், சோதிக்காமல் ஒவ்வொன்றாக வைத்தவர்களில் 81.8 சதவீதமும் குழந்தை பெற்றார்கள். கரு நன்றாகக் கிடைக்கிற இளவயதுக்காரருக்கு இது கூடுதலாக எதையும் தரவில்லை. 38, 40 என்று போகும்போது கதை வேறு: பத்துக் கருவில் ஆறு ஏழு தவறானவை என்றால், ஒவ்வொன்றையும் வைத்து, தோற்று, சிலது தானாகக் கலைந்துபோய், அடுத்ததற்கு மூன்று மாதம் காத்திருப்பதைவிட முன்கூட்டியே தெரிந்துகொள்வது காலத்தையும் கருக்கலைவின் வேதனையையும் மிச்சப்படுத்தும். கேரியோடைப்பில் குரோமோசோம் இடமாற்றம் தெரிந்தவர்களுக்கு வயது எதுவாக இருந்தாலும் கரு சோதனை அவசியம் என்றே சொல்வேன், அதற்குரிய வகை வேறு, மரபியல் ஆலோசகரைப் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும்.

ஒரு கருவுக்கு இவ்வளவு என்று லேப் கட்டணம் தனி, செல் எடுக்கத் தனி, பிறகு உறைகரு வைக்கத் தனி. ‘பேக்கேஜ்’ என்று சொன்னதில் இவையெல்லாம் அடங்கியிருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். எல்லாவற்றையும் கட்டிய பிறகு “ஒரு கருவும் சரியில்லை” என்று ரிப்போர்ட் வரலாம், அந்த நாளுக்கு இரண்டு பேரும் முன்கூட்டியே பேசித் தயாராக இருக்க வேண்டும். ‘மொசைக்’ (சில செல்கள் சரி, சில செல்கள் தவறு) என்று வந்த கருவை என்ன செய்வது என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், அதை வைத்தும் நல்ல குழந்தைகள் பிறந்திருக்கின்றன. ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள், அது குற்றம்.

## கூடுதல் சிகிச்சைகள்

இ.ஆர்.ஏ.: உட்சவ்வுத் துணுக்கை எடுத்து, கரு வைக்கச் சரியான மணி நேரத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் டெஸ்ட். 2022இல் அமெரிக்காவில் 767 பெண்களிடம் நடந்த ஆய்வில், டெஸ்ட் சொன்ன நேரத்தில் வைத்தவர்களில் 58.5 சதவீதம், வழக்கமான நேரத்தில் வைத்தவர்களில் 61.9 சதவீதம் குழந்தை பெற்றார்கள். திரும்பத் திரும்பத் தோற்றவர்களை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வு இல்லை அது, உண்மைதான், ஆனால் அந்தக் கூட்டத்துக்கு இது உதவும் என்று நிரூபித்த நல்ல ஆய்வும் இல்லை.

உட்சவ்வைச் சுரண்டுவது: 2019இல் 1,364 பெண்களிடம் பார்த்தார்கள், சுரண்டியவர்களுக்கும் 26.1, சுரண்டாதவர்களுக்கும் 26.1 சதவீதம். ஸ்டீராய்டு: தொடர்ந்து தோற்ற 715 பெண்களிடம் சீனாவில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது, இது நம் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறது. பிரெட்னிசோன் எடுத்தவர்களில் 37.8, எடுக்காதவர்களில் 38.8. எடுத்தவர்களுக்குக் குறைமாதப் பிரசவம் கூடியது. இன்ட்ராலிப்பிட் என்று வெள்ளையாக ஏற்றுகிறார்களே, அது சோயா எண்ணெய்க் குழம்பு, அதையும், ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதமான ஐ.வி.ஐ.ஜி.யையும் எல்லோருக்கும் ஏற்ற ஆதாரம் போதாது. ரத்தம் உறையாமலிருக்கத் தொப்புளைச் சுற்றிப் போடும் ஹெப்பாரின் ஊசி, ஆன்டிபாஸ்போலிப்பிட் உறுதியானவர்களுக்கு உண்டு, மற்றவர்களுக்குத் தழும்புதான் மிச்சம். பி.ஆர்.பி.யைப் பொறுத்தவரை, உட்சவ்வு வளரவே மறுக்கிறவர்களுக்கு வேறு வழி முடிந்தபின் முயன்று பார்ப்பதை நான் எதிர்க்கவில்லை, சிறிய ஆய்வுகளில் கொஞ்சம் நம்பிக்கை தெரிகிறது. சவ்வு 9 மில்லிமீட்டர் இருக்கிறவருக்கு எதற்கு?

ஒவ்வொன்றும் சில ஆயிரத்திலிருந்து அரை லட்சம் வரை போகும். மூன்றைச் சேர்த்தால் ஒரு உறைகரு வைக்கும் செலவு வந்துவிடும். இதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “என் ஃபைலில் எதைப் பார்த்து எனக்கு இதை எழுதுகிறீர்கள்?” நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

## தான முட்டை

வயது 42, 43 என்று ஆகி, எடுக்கிற முட்டை ஒன்றிரண்டாகக் குறைந்து, கரு ஐந்தாம் நாளையே தொடவில்லை என்றால், மற்ற எந்த வழியையும்விட இதில்தான் வாய்ப்பு கூடுதல். தருகிறவரின் வயதுதான் இங்கே கணக்கு. ஆனால் 32 வயதில், மூன்று கரு தோற்ற உடனே, காரணம் தேடாமலே இதற்குத் தள்ளப்படுகிறவர்களையும் பார்க்கிறேன். அவர்கள் கட்டாயம் இரண்டாவது கருத்து கேட்க வேண்டும்.

2021ஆம் ஆண்டுக் கருத்தரிப்பு சிகிச்சைச் சட்டப்படி முட்டை தருகிறவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே தடவைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, பதிவு பெற்ற முட்டை, விந்து வங்கி மூலம்தான் வர வேண்டும். சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 50 வயது வரை, ஆணுக்கு 55 வரை. ஏழு முட்டை என்றால் கைக்கு வரும் நல்ல கரு ஒன்றிரண்டுதான் என்பதை முதலிலேயே மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள். இந்த வகைக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறுவது சற்று அதிகம், பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

சொந்தபந்தத்துக்குத் தெரிய வேண்டுமா, பிள்ளைக்கு என்றைக்காவது சொல்வதா என்பதை இரண்டு பேரும் பேசி முடிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். கணவருக்குச் சம்மதம், மாமியாருக்குச் சம்மதம், மனைவி மட்டும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அங்கே இன்னும் முடிவு எடுக்கப்படவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

## வாடகைத்தாய்

காசநோயாலோ, கர்ப்பப்பையைச் சுத்தம் செய்த பழைய டி.என்.சி.யாலோ உட்சவ்வு அழிந்துபோனவர்கள், கர்ப்பப்பையே இல்லாதவர்களுக்கான வழி இது. திரும்பத் திரும்பக் கரு பதியாமல் போவதையும் 2022ஆம் ஆண்டு வாடகைத்தாய் விதிகள் காரணமாக ஏற்கின்றன. பணத்துக்காகச் சுமப்பது தடை. மருத்துவச் செலவு, விதிகள் அனுமதிக்கும் மற்ற செலவுகள், 36 மாதக் காப்பீடு மட்டும் நீங்கள் தரலாம். சுமப்பவர் 25 முதல் 35 வயதுக்குள், திருமணமாகிச் சொந்தக் குழந்தை உள்ளவராக, முதல் தடவை வாடகைத்தாயாகச் சுமப்பவராக இருக்க வேண்டும். மனைவிக்கு 23–50, கணவருக்கு 26–55. மாவட்ட மருத்துவக் குழுச் சான்று, மாஜிஸ்திரேட் உத்தரவு எல்லாம் வேண்டும். கருவே தரமில்லாமல் தோற்றவர்கள் அதே கருவை இன்னொருவர் வயிற்றில் வைத்தாலும் அதே முடிவுதான் வரும், இதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

## மதுரையிலேயே தொடர்வதா, சென்னை போவதா

டாக்டரை மாற்றுவதைவிட லேபைப் பற்றி விசாரியுங்கள். கரு ஐந்தாம் நாள் வரை வளர்வதில் லேபின் காற்று, இன்குபேட்டர், கருவை வளர்த்துக் கவனிக்கும் எம்ப்ரியாலஜிஸ்ட் கை எல்லாம் அடங்கியிருக்கிறது. முழுநேர எம்ப்ரியாலஜிஸ்ட் இருக்கிறாரா, அல்லது மாதத்தில் சில நாள் வெளியூரிலிருந்து வருகிறாரா? நேரே கேளுங்கள். கே.கே. நகர், அண்ணா நகர், பைபாஸ் ரோடு பக்கமெல்லாம் இப்போது எத்தனையோ மையங்கள், எல்லா இடமும் ஒரே தரமில்லை, சென்னையில் இருப்பதாலேயே ஒரு இடம் உயர்ந்ததும் இல்லை. முட்டை எடுக்கும் சுழற்சியில் பத்துப் பன்னிரண்டு நாள் அங்கே தங்க வேண்டும், வாடகை, சாப்பாடு, கூட ஒரு ஆள், சம்பள இழப்பு எல்லாம் சேர்த்தால் பி.ஜி.டி.-ஏ செலவுக்கே வந்துவிடும். முதலில் ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு போய் ஒரு கருத்து கேட்டுவிட்டு வாருங்கள், வைகை எக்ஸ்பிரஸில் ஒரு நாளில் போய், இரவு பாண்டியனில் திரும்பிவிடலாம்.

## நிறுத்துவதும் தத்தெடுப்பதும்

இதை எல்லாக் கட்டுரையிலும் கடைசியில் ஆறுதலுக்காகச் சேர்ப்பார்கள். நான் மற்ற வழிகளோடு சரிசமமாக வைக்கிறேன், ஏனென்றால் இதற்கும் வயதுக் கணக்கு இருக்கிறது. மத்தியத் தத்துவள ஆணையமான ‘காரா’வின் இணையதளத்தில்தான் பதிய வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85க்குள் இருக்க வேண்டும், இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்கு 90, நான்கு முதல் எட்டுக்கு 100. திருமணமாகி இரண்டு வருடமாவது நிலையாக வாழ்ந்திருக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கான காத்திருப்பு மூன்று வருடத்தைத் தாண்டுவது சாதாரணம். அவருக்கு 43, உங்களுக்கு 39 என்றால் கூட்டு வயது 82, ஒவ்வொரு வருடமும் அது இரண்டு கூடும். இன்னும் இரண்டு ஐ.வி.எஃப். பார்த்துவிட்டு அப்புறம் பதியலாம் என்று இருந்தால் சின்னக் குழந்தைக்கான வரிசையே மூடிவிடும்.

சிகிச்சையை விட்டுவிட்டுத்தான் பதிய வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆதார், பான், திருமணச் சான்று, வருமானச் சான்று, மருத்துவச் சான்று இருந்தால் வீட்டிலிருந்தே பதியலாம், பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். தத்து உத்தரவை இப்போது மாவட்ட கலெக்டர்தான் போடுகிறார், கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. யாரோ ஆஸ்பத்திரி வாசலில் “குழந்தை இருக்கு, நேரா வாங்கிக்கலாம்” என்று சொன்னால் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள், அது கடத்தல் வழக்கில் போய் நிற்கும், குழந்தையும் உங்களிடம் தங்காது. பதிவதற்கு முன் விவரம் வேண்டுமென்றால் மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்தில் நேரில் கேளுங்கள், ஆலோசனைக்குக் கட்டணம் எதுவும் கிடையாது.